ரெண்டரை மணிப் பரீட்சை

அந்தப் பேனாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பேனா. அதன் கழுத்தில் ரப்பர் ஷீட்டை அரை இஞ்சு அகலத்துக்குக் கீறி நாலைந்து சுற்று சுற்றி, நூல் போட்டு இறுக்கியிருந்தது. ஷீட்டை உலர்த்தும் புகைக்கூட்டு வாடை இன்னும் போகவில்லை. "அம்மை கெட்டித் தந்தது சார். தடியா இருந்தா விரல் நோவாது" என்றாள் பிள்ளை. 2023 ஜனவரி, மாலை நாலு மணி இருக்கும். ஒரு பத்தியைப் பார்த்து எழுதச் சொன்னேன். 20 நிமிஷத்தில் 11 வரி. அவளுடைய மொபைலில் இருந்த 'ஆன்லைன் ஸ்கூல்' செயலியோ, அறிவியலில் 92 சதவீதம் என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் 19 வருஷமாகக் கணக்கு டியூஷன் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஆன்லைனில் பத்தாம் வகுப்பு என்று என்னிடம் வந்த முதல் பிள்ளை இவள்தான். இரண்டு வருஷம் கூட இருந்து பார்த்ததை, பட்ட அடிகளோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார் அம்மா. ஊர், குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு இருபது வேன்

2021 கடைசியில் பிள்ளைக்கு முழங்கால் வீங்கியது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தேய்த்தார்கள். பிறகு மணிக்கட்டு, அப்புறம் விரல் கணுக்கள். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அது சிறு வயதில் வரும் மூட்டழற்சி என்று தெரிந்தது. காலையில் மூட்டு இறுகிக் கிடப்பது இந்த நோயின் குணம். எழுந்ததும் விரலை மடக்க முடியாது. வெந்நீரில் கையை வைத்து, முற்றத்தில் மெல்ல நடந்து, பத்து பத்தரை ஆகும்போது இளகும். மத்தியானத்துக்கு மேல் பார்ப்பவர்கள் இந்தப் பிள்ளைக்கா நோய் என்று கேட்பார்கள். 'காலையில மட்டும் நோவுமாம்' என்ற கிண்டல் வகுப்பிலும் இருந்தது, சொந்தத்திலும் இருந்தது.

வேன் 7.20க்கு வரும். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் கிடையாது. அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை. அம்மா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார். 300க்கும் மேல் மரம். வெட்டி முடித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலைச் சேகரித்து, தட்டில் ஊற்றி ஆசிட் சேர்த்து உறையவைத்துவிட்டு வீடு திரும்ப 11 மணி ஆகும். ரப்பர் மரம் குளிர்ந்த வேளையில்தான் நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏறிய பிறகு வெட்டிப் பிரயோஜனமில்லை. பிள்ளைக்குத் துணை வேண்டிய நேரம் எதுவோ, அதே நேரத்தைத்தான் ரப்பரும் கேட்டது, பள்ளிக்கூடமும் கேட்டது.

2022 ஆகஸ்டில், ஒன்பதாம் வகுப்பின் நடுவில், வருகைப்பதிவு பாதிக்கும் கீழே போனது. தனியார் பள்ளி. டி.சி. வாங்கிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் பள்ளிக்கூடம் வைத்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண வீட்டில் சாப்பாட்டு இலை போடுவதற்குள் மூன்று பேர் 'பிள்ளை எந்த ஸ்கூல்ல' என்று கேட்டுவிடுவார்கள். பதில் இல்லாத அம்மா கல்யாணங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். ஆன்லைன் பள்ளியில் சேர்த்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று பின்னால் அவரே சொன்னார்.

விற்றது என்ன

மொபைலில் விளம்பரம் வந்தது. தொட்டதும் போன் வந்தது. 'மேடம், வீட்டிலிருந்தே படிக்கலாம், எங்க சர்டிபிகேட் சிபிஎஸ்இக்குச் சமம்' என்றார்களாம். மாதம் 4,500 ரூபாய். 2022 செப்டம்பரில் சேர்த்தார்கள்.

முதல் நாளே ஒரு வேடிக்கை. நேரலை வகுப்பு காலை 8.30க்கு. கேமரா போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்சென்ட். வேனைத்தான் மிச்சம் பிடித்தார்கள், மணி அடிப்பது அப்படியேதான் இருந்தது. இரண்டு வாரம் முயன்றுவிட்டு, பதிவு செய்த வீடியோக்களுக்கு மாறினாள். பதிவு எங்கும் ஓடிப்போகாது அல்லவா? அதனாலேயே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். டிசம்பரில் நான் எண்ணியபோது பார்க்காமல் கிடந்தவை 140க்கு மேல்.

வீட்டில் சிக்னல் பிரச்சினையும் உண்டு. மழை இறங்கிவிட்டால் தோட்டத்துக்குள் மொபைல் வெறும் டார்ச்தான். ஆனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளூர் கேபிள்காரர் வழியாக இணைப்பு வந்த பிறகும் அந்த 140 குறையவில்லை.

அந்தச் செயலியின் 92 சதவீதத்துக்கு வருகிறேன். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லும் கேள்விகள். பிள்ளை கெட்டிக்காரி, சரியாகத் தொட்டாள். ஒரு பக்கம் கோர்வையாக எழுதும் வேலை ஐந்து மாதமாக அவளுக்கு வரவேயில்லை. விரல் நோகும் பிள்ளைக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. அதுதான் கெடுதலும். இந்த நாட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எந்த வாரியத்தில் வாங்கினாலும், கடைசியில் பேனாவால் எழுதும் பரீட்சை ஒன்று காத்திருக்கும்.

சரி, சான்றிதழை யார் தருவார்கள் என்று கேட்டேன். அம்மா கம்பெனியின் அடையாள அட்டையைக் காட்டினார். அழகான அட்டை, ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஓர் எண். சிபிஎஸ்இ இணைப்பு வேண்டுமானால் நிலம், கட்டடம், ஆய்வகம் எல்லாம் காட்ட வேண்டும். மாணவருக்கு 75 சதவீத வருகை வேண்டும். வெறும் செயலிக்கு அது கிடைக்க வழியில்லை. போன் போட்டு நானே பேசினேன். மூன்றாவது ஆள் உண்மையைச் சொன்னார்: 'சார், நாங்க கோச்சிங்தான். எக்ஸாம் என்ஐஓஎஸ்ல எழுத வைப்போம்.' அப்படியானால் என்ஐஓஎஸ் பதிவெண் எங்கே என்றேன். பதிவே செய்யவில்லை. அடுத்த வருஷம் செய்வார்களாம். கட்டிய 22,500 ரூபாய் திரும்பி வரவில்லை.

12 இலக்கம்

என்ஐஓஎஸ் என்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கி, 2002இல் இப்போதைய பெயருக்கு வந்த மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தன்னாட்சி நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். வீட்டிலிருந்தே அதன் தளத்தில் பதிவு செய்யலாம், பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. அந்தக் கம்பெனிக்கு ஒரு மாதம் கொடுத்ததைவிடக் குறைந்த தொகையில் 2023 ஏப்ரலில் சேர்த்துவிட்டோம். சில வாரத்தில் 12 இலக்கப் பதிவெண் வந்தது. அம்மா அதைத் தாளில் எழுதி அரிசிப் பானை அருகில் ஒட்டி வைத்தார். என்னைக் கேட்டு வரும் பெற்றோருக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: கம்பெனி எதுவாகவும் இருக்கட்டும், அந்த 12 இலக்கம் கையில் வரும்வரை டி.சி. வாங்காதீர்கள்.

ஆன்லைன் வகுப்பும் அங்கேயே உண்டு. 2021 ஆகஸ்டில் என்ஐஓஎஸ் மெய்நிகர்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டில் டில்லி அரசு தன் மெய்நிகர்ப் பள்ளியைத் தொடங்கி, நாட்டிலேயே முதல் என்றது. நாங்கள் போன வருஷமே தொடங்கிவிட்டோமே என்று என்ஐஓஎஸ் பதில் சொன்னது. யார் முதல் என்பது நமக்கெதற்கு. மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் யூடியூபிலும் பாட வீடியோக்கள் காசில்லாமல் கிடைக்கின்றன என்பது மட்டும் போதும். பாடம் எப்போதுமே மலிவாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது; அதற்குத்தான் மாதம் 4,500 கொடுத்தார்கள்.

பாடத் தேர்வில் ஒரு சண்டை வந்தது. என்ஐஓஎஸில் கணக்கு கட்டாயமில்லை. ஐந்து பாடம் வேண்டும், அதில் ஒரு மொழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனையியல், ஓவியம், உளவியல் எல்லாம் எடுக்கலாம். எழுதுவதற்குச் சிரமப்படும் பிள்ளை, கணக்கை விட்டுவிடலாம் என்று கணக்கு வாத்தியாரான நானே சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கணக்கு இல்லாத பத்தாங் கிளாஸ் என்ன பத்தாங் கிளாஸ் சாரே? நாளைக்கு பாலிடெக்னிக் போகணும்னு தோணிச்சுன்னா?" அவர் சொன்னதுதான் சரி. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று முடிவாயிற்று.

சொந்தக்காரர்களில் ஒருவர் நீட் எழுத முடியாதே என்று கிளப்பிவிட்டார். 2018இல் அப்படி ஒரு தடை வந்தது உண்மை. டில்லி உயர்நீதிமன்றம் அதே வருஷம் அதை அடித்துவிட்டது. 2024இல் உச்சநீதிமன்றத்திலும் விவகாரம் திறந்தநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதகமாகவே முடிந்தது. பிள்ளைக்கு டாக்டர் ஆகும் எண்ணம் இல்லை என்பது வேறு விஷயம். டாக்டர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றாள்.

இலை உதிரும் மாதங்கள்

முதல் மூன்று மாதம் நானும் தவறு செய்தேன். பள்ளிக்கூடக் கால அட்டவணையையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்: 9 மணி தமிழ், 10 மணி அறிவியல். ஒருநாள்கூட நடக்கவில்லை. பிறகு மத்தியானம் 12லிருந்து 2 வரை வீடியோவும் புத்தகமும், 4 மணிக்கு என் வீட்டில் எழுத்து என்று மாற்றினோம். வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை முழுக்க குமட்டல். எனவே சனிக்கிழமையை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டோம். இந்த நோயில் கண்ணையும் அடிக்கடி பரிசோதிக்கச் சொல்வார்கள். மொபைல் பார்த்துக் கண் போயிற்று என்று ஊரில் பேச்சு. கண்ணுக்கு ஒன்றுமில்லை.

என் வீட்டுத் திண்ணையில் சமச்சீர் பாடம் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். எந்த ஸ்கூல் என்று கேட்ட பையனிடம் 'என்ஐஓஎஸ்' என்றாள். "அது கேரளாவிலயா?" என்றான் அவன். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு மாதம்வரை நான் அதைத் திருத்தவில்லை.

ஆசிரியர் திருத்தும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண். பாடத்தில் ஏறத்தாழ 40 சதவீதப் பகுதியைப் பொதுத்தேர்விலிருந்து எடுத்து இந்த ஒப்படைப்புகளுக்குத் தள்ளியிருக்கிறார்கள். இதை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை. வெளியே காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. இவளுக்கு இதுதான் மருந்தாக வேலை செய்தது. ஒரு நாளுக்கு அரைப் பக்கம், கையால். வலித்தால் நிறுத்திவிடலாம். ஜனவரி கடைசிக்குள் பதிவேற்ற வேண்டும். டிசம்பர் முடியும்போது 20 நிமிஷத்தில் 19 வரி என்ற இடத்துக்கு வந்திருந்தாள்.

ஆனால் ஜூலையிலிருந்து நவம்பர்வரை சுமாராகவே போயிற்று. புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு மொபைலில் வேறு எதையோ பார்ப்பாள். கேட்டால் அழுவாள். வைதும் பார்த்தேன், பலனில்லை. மாற்றம் வந்தது 2024 ஜனவரி கடைசியில். அதற்குக் காரணம் நானும் இல்லை, எந்தச் செயலியும் இல்லை. ரப்பர் மரம் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பருவத்தில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். தளிர் விட்டு முற்றும்வரை அம்மாவுக்கு வேலை இல்லை. பகல் முழுக்க வீட்டில் இருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர், பாடம் சொல்லித்தர முடியாது. புளி உரித்துக்கொண்டோ, மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலைப் பிரித்துக்கொண்டோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே 'இது என்ன படம் மக்களே' என்று கேட்பார். பிள்ளை விளக்குவாள். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்தில் சமூக அறிவியல் முழுவதும் முடிந்தது.

சொல்வதை எழுதுகிற பையன்

2022இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் உண்டென்று அரசு மருத்துவர் குழு சான்று கொடுத்தால், சொல்வதை எழுத ஓர் எழுத்தரும் கூடுதல் நேரமும் அப்போது கேட்க முடிந்தது. மணிக்கு 20 நிமிஷம் கூடுதல். மூன்று மணி நேரத் தாளுக்கு நான்கு மணி நேரம். சான்று வாங்க ஐந்து நடை நடந்தோம். இந்த வேலையைத் தேர்வுக்கு முந்தின மாதம் தொடங்கினால் நடக்காது. நாங்கள் நவம்பரிலேயே ஆரம்பித்தோம்.

எழுத்தரை நாமே கூட்டிப் போனால் அவர் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன் சம்மதித்தான். ஏப்ரலில் அவனுக்கும் பரீட்சை முடிந்து லீவு வந்துவிடும். தினமும் அரை மணி இருவரையும் உட்கார வைத்துப் பழக்கினேன். அங்கேதான் ஒன்று தெரிந்தது: சொல்லி எழுதவைப்பது தனி வித்தை. 'ஒரு வரி விடு, நடுவில் எழுது, அடிக்கோடு போடு' என்பதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டும். தமிழிலும் சமூக அறிவியலிலும் ஜோராக நடந்தது. கணக்கில் நடக்கவில்லை. 'எக்ஸ் ஸ்கொயர் மைனஸ், இல்ல, அடைப்புக்குறிக்குள்ள' என்று இவள் சொல்ல, அவன் அடித்து அடித்து எழுத, இருவரும் சிரித்துவிடுவார்கள். கணக்கை மட்டும் தானே எழுதுவது, கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

மையம் நாகர்கோவிலில் விழுந்தது. 30 கிலோமீட்டருக்கு மேல். இந்த இடத்தில்தான், யாரும் திட்டமிடாத ஒரு அதிர்ஷ்டம். மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு காலை 10 மணிக்கு. என்ஐஓஎஸ் தேர்வு மத்தியானம் 2.30க்கு. பதிவு செய்யும்போது இதை நான் யோசிக்கவே இல்லை. தேர்வு அட்டவணை வந்தபோது அம்மாதான் முதலில் கவனித்தார். அந்த ஒரு வரியைக் கையால் தொட்டுக் காட்டி, "சாரே, ரெண்டரை" என்றார். காலை முழுக்க வெந்நீர், நடை, மெல்ல ஒரு பஸ். பிள்ளை மேசையில் உட்காரும்போது விரல்கள் இளகியிருந்தன. ஆறரைக்கு வெளியே வருவாள். எழுத்தர் பையனுக்கு வடசேரியில் ஒரு ஐஸ்கிரீம் என்பது ஒப்பந்தம்.

நான்கு பாடத்தில் தேறினாள். கணக்கில் தேறத் தேவையான 33 எடுக்கவில்லை. கடைசி இரண்டு கேள்விக்குப் போவதற்குள் கை நின்றுவிட்டது. பதிவு ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது வாய்ப்பு உண்டு என்றதும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. "ஒம்பது தடவையா?" எனக்கு அந்த ஒன்பதுதான் பயம். 140 வீடியோ சேர்ந்த கதை நினைவுக்கு வந்தது. அக்டோபரிலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். எழுதினாள், தேறினாள்.

என் கணிப்பு

பள்ளிக்கூடத்தில் பாடம், சான்றிதழ், பக்கத்தில் ஓர் ஆள் என்று எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் கிடைப்பதால் அவை வேறு வேறு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது: கம்பெனி விற்றது முதலாவதை, சான்றிதழ் வேறு கையில் இருந்தது, பக்கத்தில் இருக்கும் ஆளை யாரும் விற்கவில்லை. அந்த இடத்தை இந்த வீட்டில் இலையுதிர்காலம் நிரப்பிக் கொடுத்தது. எல்லா வீட்டுக்கும் அப்படி அமையுமா என்ன?

பழைய பள்ளி, காலை பத்தரைக்கு வர அனுமதித்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரசு வட்டார வளமையம் வழியாகச் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வரும் ஏற்பாடு இருப்பதை டி.சி. கொடுத்தவர்களில் ஒருவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. பதினாலரை வயது நிறைந்தால் மாநில வாரியத்திலேயே தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அங்கே மறுபடியும் அந்தக் காலை 10 மணி.

இவள் தேறிய செய்தி பரவியதும் மூன்று பெற்றோர் வந்தார்கள். ஒரு பையன் பாட்மிண்டன். பயிற்சிக்காக ஊர் ஊராகப் போகிறான், அவனுக்கு இது சரிவரும் என்றேன். இன்னொரு பையனுக்கு ஸ்கூல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்பா அம்மா இருவரும் காலை எட்டுக்குக் கடைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவர்கள். அவர்களிடம் வேண்டாம் என்றேன். கோபப்பட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே இரண்டு வருஷ இடைவெளி வேண்டும் என்பதால் பிள்ளைக்கு அவசரம் இல்லை. மேல்நிலைக்கான பாடப் பட்டியலை எடுத்துக்கொண்டு போன வாரம் இருவரும் வந்தார்கள். வணிகவியலா, கணினியா என்று நான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"பிளஸ் டூவுக்கும் அந்த ரெண்டரை மணிதானே சாரே?"